வாழையிலைக்குள் சேவல்

உகாண்டாக்காரர்கள் எங்கள் கேம்புக்கு வந்த முதல் வாரம், மெஸ்ஸின் குப்பை டிரம்மில் சோறு கூடுதலாக விழுந்தது. சமையல்காரன் கண்ணில் முதலில் படுவது அதுதான். யார் வந்திருக்கிறார்கள், எந்த நாடு, என்ன வேலை என்பதெல்லாம் பிறகுதான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. துபாயில் அல் கூஸ் பக்கம், கண்ணாடி அறுக்கும் பட்டறைகளுக்கும் டயர் கோடவுன்களுக்கும் நடுவே எங்கள் கேம்ப் இருந்தது. இருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்காரர்கள். ஒரு டிசம்பரில் அவர்களோடு இருபது பேர் வந்து சேர்ந்தார்கள். மால்களிலும் ஆபீஸ் வாசல்களிலும் நிற்கும் செக்யூரிட்டி ஆட்கள். நீலக் கோட்டும் டையுமாக வரிசையில் வந்து நிற்பார்கள். நான் சோறும் பருப்பும் போடுவேன். தட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு பாதிகூடச் சாப்பிடாமல் எழுந்து போவார்கள்.

அந்தக் குளிர்காலத்தை இப்போது நினைத்தால் எல்லாமே பனிமூட்டத்துக்குள் நடந்தது போல இருக்கிறது. உண்மையிலும் அப்படித்தான். விடிந்து வெகுநேரம் வரை எதிரே வருகிற லாரி தெரியாது. கிரேன்களின் தலை மட்டும் மேலே மிதக்கும், உடம்பு இருக்காது. பருப்பு அண்டாவின் ஆவி ஜன்னல் வழியாக வெளியே போய் அந்த வெள்ளையோடு கலந்துவிடும். எது எங்கள் அடுப்பிலிருந்து போனது, எது கடலிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் நான் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள், மதியப் பார்சல் எல்லாம் போன பிறகு, அவர்களில் ஒருவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். இருபதில் அவன்தான் உயரம், நிலைப்படிக்குக் குனிந்தான். கையில் வெள்ளை மக்காச்சோள மாவு ஒரு பொட்டலம்.

எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், கால்வாசி இந்தி, மீதி கைச்சாடை. அவன் சொன்னதை என் தமிழில்தான் என்னால் சொல்ல முடியும்.

"ஒரு அடுப்பு, பத்து நிமிஷம். அவ்வளவுதான் செபோ," என்றான். செபோ என்றால் அவர்கள் ஊரில் ஐயா என்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல்.

தலைமைச் சமையல்காரர் திருநெல்வேலிப் பக்கம். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மதியத் தூக்கத்துக்குப் போயிருந்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.

தண்ணீர் கொதித்ததும் அவன் மாவைக் கொட்டி, என் பருப்புக் கரண்டியால் கிண்ட ஆரம்பித்தான். மாவு இறுகியது, கரண்டி வளைந்தது, பாத்திரம் சுற்றியது. பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. மரத் துடுப்பை எடுத்து வந்தேன். பாத்திரத்தின் காதைத் துணியால் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கிண்டினேன். கட்டி உடைந்து, மாவு ஒன்றுசேர்ந்து, பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வந்தது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு போஷோ செய்யத் தெரியுமா?"

"போஷோ தெரியாது. களி தெரியும். எங்க பக்கம் கேழ்வரகுல கிண்டுவோம்."

அவன் ஒரு உருண்டையைப் பிய்த்து வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவு நேரம் மென்று தின்ன அதில் ஒன்றும் இல்லை.

"பள்ளிக்கூடத்துல தினமும் இதைத்தான் போடுவாங்க," என்றான். "ஜன்னல் வழியா வீசி எறிஞ்சிருக்கேன். இங்க வந்து இதுக்கு ஏங்குறேன் பாருங்க."

எங்கள் ஊரில் ஜெயிலுக்குப் போவதையே களி தின்பது என்றுதான் சொல்வார்கள் என்று அவனுக்கு விளக்கினேன். கேம்பைச் சுட்டிக் காட்டி, "அப்போ சரியான இடத்துலதான் கிண்டுறோம்," என்றான். இருவரும் சிரித்தோம். அந்த வாரம் முழுவதும் மதியத்தில் களி கிண்டினோம். அவனுடைய ஆட்கள் டூட்டி முடிந்து வந்து, அதைப் பருப்பில் தொட்டுத் தின்றார்கள். அப்படியே என் பருப்பும் செலவானது.

கல்யாண விஷயத்தை ஜனவரி ஆரம்பத்தில் சொன்னான். அவனுக்கு ஒரே தங்கை. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் கூடை கூடையாகச் சீர் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் வாய்ச்சாலகமான ஒரு ஆள் பேசுவார். கேலியும் கிண்டலுமாக அந்தப் பேச்சு மணிக்கணக்கில் நடக்கும். கடைசியில் மாப்பிள்ளை ஒரு சேவலைப் பெண்ணின் அண்ணன் கையில் கொடுப்பான். அண்ணன் அதை வாங்கினால்தான் சம்பந்தம் உறுதி. அந்தச் சேவலைச் சமைத்து அண்ணன்தான் சாப்பிட வேண்டும்.

"லீவு கேட்டியா?"

"கேட்டேன். வந்து ஆறு மாசம்கூட ஆகலையேன்னாங்க. கலாஸ், அவ்வளவுதான். என் பெரியப்பா மகன் எனக்குப் பதிலா வாங்கிக்குவான்."

பிறகு சொன்னான். "எங்க ஊர்ல இதையெல்லாம் சனிக்கிழமைதான் வெப்பாங்க. எனக்கு லீவு வெள்ளிக்கிழமைன்னு என் தங்கச்சி அடம்பிடிச்சு வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டா. நான் போனிலயாவது இருக்கணுமாம்."

நான் அண்டாவைத் தேய்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். இரண்டு வருடம் முன்பு என் தங்கை கல்யாணத்துக்கு நானும் போகவில்லை. அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி போட வேண்டியது அண்ணன். அந்த இடத்தில் என் சித்தப்பா மகன் நின்றான். பிறகு சிடி அனுப்பினார்கள். ரூமில் பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். வீடியோக்காரர் சரியாக அந்த இடத்தில் ரோஜாப்பூக்கள் மழையாக விழுகிற மாதிரி ஏதோ வித்தை செய்திருந்தார். பொரி விழுவது தெரியவில்லை.

"உங்க ஊர்ல அந்தச் சேவலை எப்படிச் சமைப்பாங்க?" என்று கேட்டேன்.

அவன் முகம் மாறியது. கைகளால் காற்றில் ஒரு பொட்டலம் கட்டிக் காட்டினான். நிலக்கடலையை அரைத்த குழம்பில் கோழித் துண்டுகளைப் போட்டு, வாழையிலையில் கட்டி, ஆவியில் வேகவைப்பது. அதோடு சாப்பிட வாழைக்காய். அதையும் உரித்து, இலைக்குள் மூட்டையாகக் கட்டி, வெந்த பிறகு இலையோடு சேர்த்து அமுக்கிப் பிசைவது. மத்தோகே என்று பெயர். வாழையிலை துபாயில் எங்கே கிடைக்கும் என்று எவனுக்கும் தெரியவில்லை என்றான்.

எனக்குத் தெரியும். கராமாவில் எங்கள் ஆட்களின் காய்கறிக் கடைகளில் வியாழக்கிழமைதோறும் இலைக்கட்டு வந்து இறங்கும்.

கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸிடம் போய், வெள்ளிக்கிழமை இதைச் சமைக்க அடுப்பு தர முடியுமா என்று முறைப்படி கேட்டேன். அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு நாட்டுக்காரனுக்குச் சரி என்றால் எல்லா நாட்டுக்காரனும் வந்து நிற்பான் என்ற கவலை உள்ளவர். கையை விரித்து, "மாஃபி, பாய்," என்று மறுத்துவிட்டார்.

அண்ணாச்சியிடம் வந்து சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பிரியாணிக்குத் தம் போட்டாச்சுன்னா மூணு அடுப்பு சும்மாத்தானல கெடக்கு," என்றார். "வாழையெலதானே? நம்ம சமையல்னு நெனைச்சிட்டுப் போறாரு. நான் பாத்துக்கிடுதேன்."

வியாழக்கிழமை அவனும் நானும் பஸ் பிடித்துக் கராமா போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நீலக் கோட்டில் நிற்பவனைப் பார்த்தார். "என்ன விசேஷம்ணே? எத்தன எலை?"

"இவருக்குத் தங்கச்சி கல்யாணம்," என்றேன்.

அதற்குள் அவன் இலைக்கட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு இலையைத் தொட்டுத் தடவி, நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். கடையில் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு வாழைக்காய்க் கூடைக்கு வந்தான். நேந்திரனை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து வைத்தான். மொந்தனைக் கீறி முகர்ந்தான். "இது எங்க ஊர்க் காய் இல்லை," என்றான். "ஆனா அதோட சொந்தக்காரன்." இலைக்கட்டைக் கட்டியிருந்த வாழைநாரைக் கடைக்காரர் அறுக்கப் போனபோது தடுத்து, அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பனி அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. அண்ணாச்சியும் நானும் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு நின்றோம். வெளியே வெள்ளைக்குள் ஒரு வெள்ளை அசைந்தது. தரை வரை தொங்கும் நீண்ட அங்கி, அதற்கு மேல் ஒரு கோட்டு. கம்பெனியின் அரபி முதலாளி அந்தச் சமையலறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அருகில் வந்து குனிந்து உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அவன்தான். அவர்கள் ஊரில் கல்யாணம் காட்சிக்கு ஆண்கள் இப்படி வெள்ளை அங்கியும் மேலே கோட்டும் போடுவார்களாம். அங்கியை இங்கே அரபிகள் வாங்கும் கடையில் வாங்கியிருக்கிறான். கோட்டு அவனுடைய செக்யூரிட்டிக் கோட்டு. கம்பெனிப் பெயர் தைத்த இடத்தில் ஒரு கைக்குட்டையை மடித்துக் குத்தியிருந்தான்.

"நல்லா இருக்கா?"

"மாப்பிள்ளைன்னே நெனைப்பாங்க," என்றேன்.

அவனோடு ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து வாழைக்காய் உரித்தோம். கறை பிடிக்காமல் இருக்க நான் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பாட்டிலை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். அவர்கள் கத்தியைக் காயின் மேல் ஓட்டிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. யாரோ மெதுவாக ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். சத்தமே இல்லை, உரிக்கிற தாளத்துக்கு முணுமுணுப்பது போல. ஜன்னலுக்கு வெளியே பட்டறைகள், கோடவுன்கள், லாரிகள் ஒன்றும் இல்லை. வெள்ளைதான் இருந்தது. நாங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த ஒரு மணி நேரம் யார் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இலை வாட்டும் நேரம் வந்தது. நான் ஒரு இலையை எடுத்துச் சிறு தீயில் முன்னும் பின்னும் காட்டினேன். பக்கத்து அடுப்பில் அவனும் ஒரு இலையை அதே மாதிரி காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு இலைகளும் ஒரே நேரத்தில் பளபளத்துத் துவண்டன. அவன் என் கையைப் பார்த்தான், நான் அவன் கையைப் பார்த்தேன். "இதையும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா?" என்றான்.

"கட்டுச்சோறு கட்டணும்னா வாட்டாம முடியுமா? கிழிஞ்சிருமே."

"கிழிஞ்சிடும்," என்று அவனும் தலையாட்டினான்.

கோழி பிரேசிலிலிருந்து வந்த உறைந்த கோழி. சேவலா பெட்டையா என்று எவனுக்குத் தெரியும்? வறுத்து அரைத்த நிலக்கடலையோடு தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான். மிளகாய்ப் பொடி டப்பாவோடு போன அண்ணாச்சியை அவர்கள் கும்பிடாத குறையாகத் தடுத்தார்கள். வாட்டிய இலையில் கோழியையும் குழம்பையும் வைத்து, நான்கு பக்கமும் கூட்டிப் பிடித்து, கராமாவிலிருந்து வந்த நாரால் முடிச்சுப் போட்டார்கள். அண்டாவின் அடியில் இலைத்தண்டுகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் வாழைக்காய் மூட்டை, அதன் மேல் பொட்டலங்கள், எல்லாவற்றுக்கும் மேல் மிச்சமிருந்த இலைகளைப் போர்வை போலச் செருகினார்கள்.

ஆவி கிளம்பியதும் வந்தது அந்த வாசம். வெந்த இலை, வறுத்த கடலை, நனைந்த மண் மாதிரி ஒன்று. அவர்களில் ஒருவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் கேம்ப் பாஸ் வந்தார். வாசலில் நின்று, தரையில் உட்கார்ந்திருப்பவர்களையும் அண்டாவையும் வெள்ளை அங்கியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி முன்னால் போய் நின்றுகொண்டார்.

"யே க்யா ஹை பாய்?"

அண்ணாச்சி அண்டாவின் மூடியை லேசாகத் தூக்கிக் காட்டினார். ஆவிக்கு நடுவே வாழையிலை தெரிந்தது.

"மதராஸி கானா?" என்றார் பாஸ்.

"ஹாஞ்சி, ஹாஞ்சி. மதராஸி கானா," என்றார் அண்ணாச்சி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பாஸ் மறுபடி ஒருமுறை அங்கியைப் பார்த்தார். பிறகு, "அச்சா," என்று சொல்லிவிட்டுப் பிரியாணியை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

போன் வந்தபோது எங்களுக்கு மணி மூன்று, அவர்களுக்கு இரண்டு. அதற்குள் மற்ற ஆட்களும் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்து வைத்த ஒரு அண்டாவின் மேல் வைத்தான். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மேளச் சத்தம், பெண்கள் குலவையிடும் சத்தம். நடுநடுவே லைன் விட்டுப்போய் ஒன்றுமே இல்லாத இரைச்சல், பிறகு மறுபடி மேளம். இரண்டு பக்கத்துப் பேச்சாளர்களும் வாதாடுவதை ஒருவன் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். மாப்பிள்ளை வீட்டார் வழிதவறி வந்துவிட்ட ஆட்கள் என்று பெண் வீட்டார் சொல்கிறார்களாம். அவர்களோ இந்த வீட்டு ரோஜாச் செடியைத் தேடி வந்தோம் என்கிறார்களாம்.

பிறகு திடீரென்று அங்கே அமைதி. பெரியப்பா மகன் பேசினான். அண்ணன் இருக்கும் இடத்துக்குச் சேவல் வர முடியாது, அதனால் அண்ணன் காதிலாவது விழட்டும் என்று சொல்லி, போனைச் சேவலின் அலகுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறான். எங்களுக்குக் கேட்டதெல்லாம் சிறகு அடிக்கும் சத்தம். அதற்குப் பிறகு, எங்கோ ரொம்ப தூரத்தில், எரிச்சலான ஒரு கொக்கரிப்பு.

இங்கே அவன் எழுந்து நின்றான். வெறும் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டி, வாங்கிக்கொள்வது போல மார்போடு அணைத்தான். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் கூட்டமே குலவையிட்டது. தங்கை போனை வாங்கி ஏதோ சொன்னாள். அவன் "ம்ம்" என்றான், மறுபடி "ம்ம்" என்றான். அவர்கள் அப்படித்தான், பேசி முடிந்த பிறகும் ஒருவருக்கொருவர் ம்ம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். லைன் போனபின்பும் அவன் இரண்டு முறை சொன்னான்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேட்டா," என்றான்.

வாழைக்காய் மூட்டையை இறக்கி, சூட்டோடு சூடாக இலை மேலேயே கைவைத்து அமுக்கிப் பிசைந்தார்கள். அவர்கள் ஊர்க் காய் வெந்தால் பொன் நிறமாக இருக்குமாம். இது வெளிறித்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. முதல் பொட்டலத்தை அவனுக்கு வைத்தார்கள். நாரை அவிழ்த்ததும் ஆவி முகத்தில் அடித்தது. இரண்டாவது பொட்டலத்தை என் முன்னால் வைத்தார்கள். வேண்டாம், உங்கள் ஆட்கள் முதலில் என்றேன். அவன் நாரை அவனே அவிழ்த்து விட்டான்.

கடலைக் குழம்பில் ஊறிய கோழி, காரமே இல்லாமல், லேசான இனிப்போடு இருந்தது. அந்தக் காயை அதில் தோய்த்துத் தின்றபோது, இதுவரை தின்றிராத ஒன்று என்பதே எனக்கு மறந்துபோனது.

சாப்பிட்டு எழும்போது அவர்கள் ஒவ்வொருவராக வந்து அண்ணாச்சியிடமும் என்னிடமும் "வெபாலே குஃபும்பா" என்றார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். சமைத்ததற்கு நன்றி என்று அர்த்தமாம். உழுதவனுக்கு, தண்ணீர் எடுத்து வந்தவளுக்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் மொழியில் தனித்தனி நன்றி இருக்கிறதாம். கேம்பில் எத்தனையோ வருடமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சி, அந்த வார்த்தையை மெதுவாகத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பாத்திரம் கழுவப் போனார்.

அன்று சாயங்காலமே கார்டு வாங்கி என் தங்கைக்குப் போன் போட்டேன். விசேஷம் ஒன்றும் இல்லாமல் நான் கூப்பிட்டதில் அவள் பயந்துவிட்டாள்.

"என்னண்ணே, உடம்புக்கு எதுவும் சுகமில்லையா?"

"அதெல்லாம் இல்ல. அன்னைக்கு உன் கையில பொரி போடுறப்போ நான் இல்லாதது உனக்கு வருத்தமா இருந்துச்சா?"

"வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா நீ அப்போ சைட்டுக்குச் சோறு அனுப்பிட்டிருப்பேன்னு மணியைப் பாத்து நெனைச்சுக்கிட்டேன்," என்றாள். கார்டில் இருந்த நிமிஷங்கள் தீரும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று அடுப்புகள் அவர்களுக்கு என்று ஆனது. யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. கராமா கடைக்காரர் இலைக்கட்டை எனக்காக எடுத்து வைப்பார். நார் வேண்டும் என்று சொல்லாமலே தருவார். சில மாதங்களில் கேம்ப் பாஸும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். மதராஸி கானா நன்றாக இருக்கிறது என்பார்.

அவனுக்கு முதல் லீவு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. ஊருக்குப் போய் வந்தவன் நேராகச் சமையலறைக்கு வந்தான். அவன் தங்கை அந்தச் சேவலை அறுக்க விடவில்லையாம். அண்ணன் சாப்பிட வேண்டிய சேவல் என்று இரண்டு வருடமாகத் தீனி போட்டு வளர்த்திருக்கிறாள். இவன் போய் இறங்கிய மறுநாள் அடித்து இலையில் கட்டியிருக்கிறார்கள். கிழடு தட்டிப்போய், காலையில் வைத்தது மதியம் தாண்டியும் வேகவில்லையாம். பல் வலிக்க வலிக்கத் தின்றேன் என்று தாடையைப் பிடித்துக் காட்டிச் சிரித்தான்.

அந்த வருஷமே அவர்களை அபுதாபி கேம்புக்கு மாற்றினார்கள். பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். அண்ணாச்சி வழிக்குச் சாப்பிட ஆளுக்கொரு பார்சல் கட்டி வைத்திருந்தார். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும். அதைத் தூக்கிப் போட மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வேன் கண்ணாடிப் பட்டறையைத் தாண்டித் திரும்பும் வரை வாசலில் நின்றோம். பிறகு அண்ணாச்சி, "வால, பருப்பு அடிபிடிச்சிரும்," என்றார். உள்ளே போனோம்.